தானாகக் கூடைக்குள் ஏறிய தாய்ப்பூனை

போன வருட மழைக்காலத்தில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டில் நடந்தது இது. என் கணவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈப்போ நகரத்துக்குக் குடிபோனபோது, சினையாக இருந்த தங்கள் சாம்பல் நிறப் பூனையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது எங்கள் விறகுக் கொட்டகையில் நான்கு குட்டிகள் போட்டது. கூரை ஒழுகியது. குட்டிகள் நனைந்துவிடுமே என்று அவற்றை வீட்டுப் பின்னறைக்கு மாற்றினேன். மாற்றி முடிப்பதற்குள் என் இரண்டு கைகளிலும் ரத்தக் கீறல்கள்.

அன்று முதல் அந்த அறை பூனையின் ராஜ்ஜியம். கதவைத் திறந்தாலே உறுமும். சோற்றுத் தட்டை விளக்குமாற்றுக் கட்டையால்தான் உள்ளே தள்ளுவேன்.

"பேய்ப் பூனைலா அது. காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுரு" என்றார் எதிர்வீட்டு அக்கா. எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலையில் தட்டு வைத்தபடியே இருந்தது. குட்டிகள் ஓயாமல் கத்தின. தாயின் மடி ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. டவுனில் இருக்கும் மிருக டாக்டருக்குப் போன் செய்தேன். "பால் கட்டியிருக்கும்மா. இன்னைக்கே கொண்டாந்துருங்க. விட்டா தாயும் தாங்காது, குட்டியும் தாங்காது" என்றார்.

தடித்த துண்டால் போர்த்திப் பிடிக்கப் பார்த்தேன். துண்டோடு சேர்த்து என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு, அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. அங்கே அது மூச்சு வாங்குவது கேட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் பார்த்தார்.

"அவள ஏன் புடிக்கிற? குட்டிங்கள எடுத்தா அவளே வருவா."

மூடி போட்ட மார்க்கெட் கூடையில் தன் பழைய சுவெட்டரை விரித்தார். பூனையின் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு குட்டியை எடுத்து அலமாரி ஓரமாக நீட்டினார். தாய் உறுமியது. கையை அசைக்காமல் காத்திருந்தார். அது மோந்து பார்த்த பிறகுதான் குட்டியைக் கூடையில் வைத்தார்.

"இந்தா பாரு, ஒன் புள்ளதான். எங்கயும் போவல."

எல்லாக் குட்டிகளையும் அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பூனை தள்ளாடி வெளியே வந்தது. தானாகக் கூடைக்குள் ஏறி, குட்டிகளை அணைத்துப் படுத்துக்கொண்டது. நான் மெல்ல மூடியைப் போட்டேன்.

"இது எப்படிங்க ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியாதுலா. நானா இருந்தா குட்டிங்க போற எடத்துக்குத்தான் போவேன்."

டாக்டர் போட்ட ஊசி மருந்தில் தாய் பிழைத்துக்கொண்டது. அது தேறும்வரை குட்டிகளுக்கு நான் புட்டியில் பால் கொடுத்தேன். அப்போதெல்லாம் தாய் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனாலும் கடைக்குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. கணவர் அதைத் தேயிலைச் செடி ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தார். அன்று மாலை முழுக்கத் தாய் அறையின் மூலை மூலையாகத் தேடியது. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். தேடிக் களைத்து என் பக்கத்தில் வந்து படுத்தது. முதல்முறையாக அதன் முதுகில் கைவைத்தேன். உறுமவில்லை.

மற்ற குட்டிகள் வளர்ந்ததும், பக்கத்து ஊரான திரிங்காப்பில் இருக்கும் ஒரு பூத்தோட்டத்துக்காரர் அவற்றை வாங்கிப் போனார். தாய் எங்களோடுதான் இருக்கிறது.

இப்போது கடையில் யாராவது என் மேல் எரிந்து விழுந்தால், எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை. எதைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் இப்படிப் பேசுகிறாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.