ஒன்பது நாள் முறிந்த எலும்போடு நடந்த எங்கள் அக்காள்

கருமாதிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காள் அவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படி சிலர் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத நல்லது மட்டுமே உண்டு. கெட்டதெல்லாம் என்னைப் பற்றியது.

அக்காள் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோரோடு கப்பலேறி, கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது, நான் கைக்குழந்தை. இரண்டே ஆண்டில் காய்ச்சல் பெற்றோர் இருவரையும் கொண்டுபோயிற்று. அக்காள் மரம் சீவி என்னைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பால்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியில், டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்த்த டிரெசருக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். நோயாளிப் புத்தகம் எழுதுவது என் வேலை.

ஒரு மழைக்காலக் காலையில், அக்காள் ரப்பர்ப் பால் வாளிகளோடு பலகைப் பாலத்தில் வழுக்கி, ஆளுயரக் கால்வாய்க்குள் விழுந்தார். இடுப்பு கல்லில் மோதியது. கணவரான அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார்.

“தம்பி, உள்ளுக்குள்ள என்னமோ குத்துதுடா. கால ஊனவே முடியல.”

டிரெசர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “நடந்துதானே வந்தா? எலும்பு ஒடஞ்சவ நடப்பாளா? சதை அடின்னு எழுது. நாளைக்கு வேலைக்குப் போகட்டும். தொரைக்கு ஆள் பத்தல.”

தொடையெலும்பின் கழுத்து முறிந்து, முனைகள் ஒன்றில் ஒன்று செருகிக்கொண்டால் சில நாள் நடக்க முடியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்காளின் முகம் எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். வேலை போய்விடும் என்று பயந்தேன். எழுதினேன். “ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா, சரியாப் போயிடும்” என்றும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள், மரத்தடியில் நின்றபோதே எலும்பு விலகியது. அவர் அலறியது ஆஸ்பத்திரி வரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

மாட்டுவண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் இடுப்பெலும்பின் முனையிலிருந்து கணுக்கால் வரை இரு கால்களையும் நாடாவால் அளந்தார். இடது கால் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது.

“முதல் நாளே அசையாமல் படுக்க வைச்சிருந்தால் பொருந்தியிருக்கும். நடக்கவிட்டுக் கெடுத்துப் போட்டியள். ஆர் இதைச் சதை அடி எண்டு எழுதினது?”

அக்காள் கண்ணை மூடியபடி சொன்னார்: “என் தம்பிதாங்க. நான் படிக்க வெச்ச தம்பி.”

காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, இருபுறமும் மணல் மூட்டை வைத்து, மூன்று மாதம் மல்லாந்தே கிடந்தார். முதுகில் புண் வந்தது. எலும்பு கூடவில்லை. அத்தான் ஒரே ஒரு முறை வந்தார். “நொண்டிய வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று அக்காள் காதுபடவே கேட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். அதன் பிறகு கடிதமும் இல்லை.

நான் தோட்டத்தை விட்டு, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பண்டகசாலையில் சேர்ந்தேன். அக்காள் கவட்டுக்கட்டையோடு என் வீட்டில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். சமைத்தார், என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். அந்த இடது காலை மட்டும் என்னைத் தொடவிட்டதில்லை.

ஒரு முறை எதிர்வீட்டில் இருந்த பிட்டர், ரயில் எஞ்சின் பூட்டுகிற தொழிலாளி, கூரையிலிருந்து விழுந்தார். “சும்மா அடிதான், எழுந்து நில்லுப்பா” என்று நாலு பேர் அவரைத் தூக்கப் போனார்கள். அக்காள் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து கத்தினார்: “யாரும் தூக்காதீங்க! பாதம் சாஞ்சு கெடக்கறது கண்ணுக்குத் தெரியல? ரெண்டு காலையும் சேத்துக் கட்டுங்க. பலகையில வெச்சுக் கொண்டுபோங்க.” பிட்டர் பிழைத்து நடந்தார். அக்காளின் பாடையைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

போன மாதம் சளி நெஞ்சில் இறங்கிப் படுத்தவர் எழவில்லை. பழைய புண்கள் மீண்டும் திறந்தன. புரட்டிப் படுக்க வைத்துப் புண் கழுவிய என் மனைவிக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், சாம்பலைக் கிள்ளான் ஆற்றில் கரைக்க உடன் வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அக்காளுக்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவர் இறப்பதற்கு முந்தின நாள் பகலில், கட்டிலருகே உட்கார்ந்து, நன்றிக்குப் பதில் மன்னிப்புதான் கேட்டேன். என்னையே பார்த்தார்.

“கேட்டுட்டேல்ல? போய்ச் சாப்பிடு.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்துபோய்ச் சாப்பிட்டேன்.