மேல் டிவிசனுக்கு ஒரு கெப் தேடியபோது

ஏறிக்கொண்டிருந்த வண்டி பாதி மேட்டில் நின்றது. பரமேஸ்வரி எக்ஸலேட்டரை மிதித்தாள். எஞ்சின் அலறியது. பின் டயர்கள் ஈரமண்ணைத் தோண்டின. வண்டி மேலே போகாமல் பள்ளத்துப் பக்கமாகச் சரிந்தது. நான் குதித்திறங்கி, ஒரு கல்லைப் புரட்டி டயருக்கு அடியில் வைத்தேன்.

பிக்கப்பை எங்கள் மலைநாட்டில் கெப் என்போம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரி வேர்க்‌ஷொப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல் டிவிசன் ஆட்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கெப் வாங்கத் தீர்மானித்து, எஞ்சின் பார்க்க என்னை அழைத்தார்கள். ஃபெக்டரிக்கு மேலே அம்புலன்ஸ் ஏறாது. நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, தோளில் சுமந்துதான் இறக்குவார்கள். பரமேஸ்வரி அந்த டிவிசன் பிள்ளை, ஹட்டன் டவுனில் த்ரீவீல் ஓட்டியவள். புது வண்டியை அவள்தான் ஓட்டுவதென்று எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள்.

அன்று பார்த்தது பெட்ரோல் கெப். பெரிய எஞ்சின், ஓட்டோமெட்டிக் கியர், பின் டயருக்கு மட்டும் இழுவை. பார்க்க அழகு. டவுன் ரோட்டில் அதன் ஓட்டத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் உர மூட்டைகளை ஏற்றி மேட்டில் நிறுத்தி எடுத்தபோதுதான் அதன் சங்கதி தெரிந்தது. அந்த பெட்ரோல் எஞ்சினுக்கு வேகமாகச் சுற்றினால்தான் பலம் வரும். அவ்வளவு வேகமாகச் சுற்றினால் ஈரமண்ணில் டயர் வழுக்கும். இறங்கும்போது கியர் வண்டியைப் போதுமான அளவு பிடிக்காததால் பரமேஸ்வரி பிரேக்கிலேயே நிற்க வேண்டியிருந்தது. கீழே வந்து சேர்ந்தபோது பிரேக் கருகிய வாடை மூக்கைத் துளைத்தது. இது சரிவராது என்று சொல்லிவிட்டேன்.

வாகனம் விற்கும் கடையிலிருந்து வந்திருந்த நிமலுக்கு முகம் வாடியது. ஆனாலும் அடுத்த கிழமை வேறொரு கெப்போடு வந்தான். பவர் கணக்கில் முதல் வண்டியைவிடக் குறைவு. ஆனால் டர்போ டீசல், மெனுவல் கியர், நான்கு டயருக்கும் இழுவை. லோ போடும் லீவரும் இருந்தது. அதைப் போட்டால் எஞ்சின் பல தடவை சுற்றும்போது டயர் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் போய்விடும், இழுவை பல மடங்காகும்.

அதே மூட்டைகளை ஏற்றினோம். அதே மேட்டில் நிறுத்தச் சொன்னேன். லோவில் முதல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விடச் சொன்னேன்.

“இப்ப காலை எல்லாத்துலருந்தும் எடுத்துரும்மா.”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் காலை எடுத்தாள். எக்ஸலேட்டர் தொடாமலே, எஞ்சின் தன்பாட்டுக்குத் தடதடவென்று முனகிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் அத்தனை மூட்டையோடு மேலே ஏறியது. பெரிய கல் வந்தால் சற்றுத் தயங்கும், பிறகு அதையும் ஏறிக் கடக்கும்.

“அண்ணே, நான் ஒண்ணுமே செய்யலண்ணே,” என்றாள் பரமேஸ்வரி, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

வாழ்நாளெல்லாம் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன் நான். அது ஏன் ஏறுகிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது.

மேலே போய் நிறுத்தியபோது பக்கத்து மலையிலிருந்து கூச்சல் கேட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடிவந்தார்கள். குளவிக் கூடு கலைந்துவிட்டது. பலருக்குக் கொட்டு. முத்தம்மாக்காவுக்குத்தான் மோசம். முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

வண்டி இன்னும் எங்களுடையதல்ல. நான் நிமலைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே மூட்டைகளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தான். “ஆளுங்களை ஏத்துங்க,” என்றான். ஏற்றி முடிப்பதற்குள் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்து, ஃபெக்டரி வாசலில் நிற்கச் சொல்லிவிட்டான்.

நான் பின்னால் உட்கார்ந்து முத்தம்மாக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். மூடுபனி இறங்கிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. பின் ஜன்னல் திறந்திருந்ததால் பரமேஸ்வரி பேசுவது கேட்டது.

“பிரேக்க மிதிக்கவா அண்ணே?”

“மிதிக்காத. கிளச்சையும் தொடாத. எஞ்சினே புடிச்சுக்கிட்டு இருக்கு.”

அந்த ஈரத்தில் பிரேக்கை அழுத்தினால் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். கிளச்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி உருளும். ஆனால் மடியில் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது அந்த மெதுவைத் தாங்குவது லேசல்ல. வேகமாகப் போகச் சொல்லிப் பெண்கள் அழுதார்கள். எனக்கும் வாய்வரை வந்தது. பரமேஸ்வரி மட்டும் லோவில் போட்ட முதல் கியரை மாற்றவில்லை. ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் பள்ளம். எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வண்டி ஒரே சீராக, ஒரு தடவைகூட வழுக்காமல், ஒவ்வொரு வளைவாக எங்களை இறக்கிக்கொண்டு போனது.

ஃபெக்டரி வாசலில் அம்புலன்ஸ் நின்றது. அங்கேயே ஊசி போட்டு, ஒட்சிசன் மாட்டிக் கொண்டுபோனார்கள். பரமேஸ்வரி ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து முன் டயரின் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு பாரத்தோடு அவ்வளவு தூரம் இறங்கிய வண்டி. பிரேக்கின் சூடே ஏறாமல், ரிம் மழையில் நனைந்த கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. நிமலின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

முத்தம்மாக்கா பிழைத்துவிட்டார். பார்க்கப் போனபோது, “வண்டியில வந்த மாதிரியே இல்ல தம்பி. யாரோ இடுப்புல தூக்கி வச்சு எறக்குன மாதிரி இருந்துச்சு,” என்றார். அந்த கெப்பைத்தான் டிவிசன் வாங்கியது.

இப்போதும் வண்டி பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். சீசீ எவ்வளவு, பவர் எவ்வளவு, மெனுவலா ஓட்டோமெட்டிக்கா என்று முதலிலேயே கேட்பார்கள். எந்த ரோட்டில், எந்தப் பாரத்தோடு ஓடப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த ரோட்டுக்கே கொண்டுபோய், பாரம் ஏற்றி, பாதி மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வேன். பிறகு இறக்கச் சொல்வேன். முன் சீட்டில் உட்கார்ந்தால் எஞ்சின் என்ன செய்கிறதென்று மட்டும்தான் தெரியும். நான் பின்னால், பாரத்தோடு உட்கார்ந்துகொள்கிறேன்.