கொசுவுக்கு பட்ஜெட் தெரியுமா?

ஜெர்மனியில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் அழைப்பு மணியை அடித்தால், அவர் பார்சல் கொண்டு வந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வீடு மாறி வந்தவர். இரண்டும் இல்லையென்றால் தமிழர்.

இரண்டு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தது. வழக்கம்போலக் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். கீழ்வீட்டு சுகந்தி. கையில் மூடி போட்ட தட்டு.

சுகந்திக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கள் ஊரான வால்டோர்ஃபுக்கு வந்து பல வருஷம். அவர் செய்யும் மட்டன் ரோல்ஸ் எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். ஆனால் தீபாவளியோ பிறந்த நாளோ இல்லாத ஒரு நாளில், அது ஏன் மாடி ஏறி வருகிறது? எனக்குச் சந்தேகம். என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே... 'இலவசம்' என்று எழுதியிருந்தால் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆள் நான்.

"சுடச்சுடச் சாப்பிடுங்கோ அண்ணை" என்றார்.

சாப்பிட்டேன். இரண்டாவது ரோலைக் கையில் எடுத்த பிறகு விஷயம் வந்தது.

"அண்ணை, போன வருசம் எங்கட பிள்ளையைப் பற்றி ஒண்டு எழுதினனீங்கள். அதை எடுக்க ஏலுமோ?"

"எடுக்கறதுன்னா?"

"இன்டர்நெட்டில இருந்து. ஒருத்தரும் பாக்க ஏலாத மாதிரி."

என்னைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் இப்படி எழுதினீர்கள் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. எழுதியதை அழிக்கச் சொல்லி, அதற்கு ரோல்ஸும் கொடுத்தவர் இவர்தான் முதல்.

எந்தப் பத்தி என்று, இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சுகந்தியின் மகள் ஆரணி இங்கேயே பிறந்தவள். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மேற்படிப்பு. அவள் ஆராய்வது கொசுவை! ரைன் ஆற்றங்கரைக்கு இப்போது வெளியூர்க் கொசு ஒன்று குடி வந்திருக்கிறது. நாம் கொசுவைக் கண்டால் அடிப்போம். இவள் பிடித்து, பெயர் எழுதிப் பெட்டியில் வைப்பாள்.

போன வருஷம் அவள் பிறந்த நாள். கேக் வெட்டுகிற நேரத்தில் டிவியில் அமெரிக்கச் செய்தி ஓடியது. ஆராய்ச்சிக்கும் வெளிநாட்டு மருத்துவ உதவிக்கும் அரசு கொடுத்துவந்த பணத்தை வெட்டுகிறார்களாம். ஆரணி கேக்கை விட்டுவிட்டு டிவியிடம் சண்டைக்குப் போனாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அப்புறம் பத்திக்கு எங்கே போவது?

"அவங்க வரிப்பணம், அவங்க வெட்டறாங்க. டெக்சாஸ்ல லாரி ஓட்டறவர் எதுக்கும்மா உன் கொசுவுக்குக் காசு குடுக்கணும்?" என்றேன்.

"குடுக்கத் தேவையில்ல அங்கிள். ஆனா கொசுவுக்கு பட்ஜெட் தெரியுமோ? காசு இல்லையெண்டு சொன்னா அது திரும்பிப் போகுமோ?"

"நாட்டுக்குக் கடன் ஏறிப் போச்சுங்கறாங்களே?"

"ஓம், ஏறிப் போச்சுதான். அப்ப எல்லாத்திலயும் வெட்டட்டும். ஒரு பக்கம் வெட்டி மற்றப் பக்கம் அள்ளிக் குடுத்தா, அது கடனுக்காக வெட்டுறது இல்ல அங்கிள். பிடிக்காததை வெட்டுறது."

யோசித்துப் பார்த்தேன். என் வீட்டிலும் அதே கதைதான். செலவைக் குறைக்கலாம் என்று நானும் என் மனைவி மாலதியும் உட்காருகிற ஒவ்வொரு முறையும், வெட்டுப்படுவது என் புத்தகச் செலவுதான். மாலதியின் ஊர்ப் பயணம் வெட்டுப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. பேனா அவள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்த வாரமே எழுதினேன். ஆரணி பெயரைப் போடவில்லை. 'வால்டோர்ஃபில் கொசு படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்' என்று மட்டும் ஜாக்கிரதையாகக் குறிப்பிட்டேன். வால்டோர்ஃபில் கொசு படிக்கும் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

"அதுக்கு இப்ப என்னங்க வந்தது?" என்று சுகந்தியிடம் கேட்டேன்.

அவர் என் வீட்டுக் கூடத்தையே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஆரணிக்கு அமெரிக்காவில், ஒரு பல்கலைக்கழகக் கொசு ஆய்வுக்கூடத்தில், ஒரு வருஷத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்து அவள் கண்ட கனவு. சுகந்தி யாருக்கும் சொல்லவில்லை. லண்டனில் இருக்கும் தன் சொந்த அக்காவுக்குக்கூட.

"பிளேன் ஏறும் மட்டும் வாய் திறக்கப்படாது அண்ணை. கண்ணூறு பொல்லாதது, நாவூறு அதைவிடப் பொல்லாதது."

நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே இது? விசா குத்தி, பெட்டி கட்டி, விமானம் மேலே போன பிறகுதான் 'அவள் போயிட்டாளே, தெரியாதா?' என்போம். ஆனால் இந்தமுறை ஒரு சிக்கல். மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கா. ஊருக்கே மூடி வைத்ததை உலகத்துக்குத் திறந்து காட்ட வேண்டும்!

"என் பத்தி தமிழ்ல இருக்குங்க. அங்க யாரு படிக்கப் போறாங்க?"

"இப்ப மெஷின் எல்லாப் பாஷையும் வாசிக்குதாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமெரிக்க அரசாங்கம் என் பத்தியைப் படிக்கப் போகிறதா?

"உங்க சொந்தத் தங்கச்சியே படிக்கறதில்ல. அமெரிக்கா படிக்குதாக்கும்!" என்றது சமையலறை. பிறகு என்ன தோன்றியதோ, மாலதி கரண்டியோடு வெளியே வந்தாள். "எதுக்கும் எடுத்துடுங்க. டிசம்பர்ல நாமளும் டல்லாஸ் போகணும்."

டல்லாஸில் என் தங்கை இருக்கிறாள். அவள் மகளுக்கு டிசம்பரில் கல்யாணம்.

அன்றே ஆசிரியருக்கு மெயில் போட்டேன். பத்தி இணையத்திலிருந்து போய்விட்டது. அதை எங்கே காணோம் என்று வாசகர்கள் சிலர் கேட்டீர்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று பதில் எழுதினேன். கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மாலதி அதில் ஆரஞ்சுப் பழங்களை வைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் கீழே போனேன். சாப்பாட்டு மேஜையில் ஆரணி போனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுகந்தி, மூக்குக் கண்ணாடியோடு. சென்சார் போர்டு நடந்துகொண்டிருந்தது.

"இதென்ன, கை தட்டுற படம்?"

"ஒரு டொக்டர் கதைச்சதுக்குப் போட்டனான் அம்மா. தடுப்பூசிக்குக் குடுக்கிற காசை நிப்பாட்ட வேண்டாமெண்டு."

"அழி."

"இது அரசாங்கத்தில பட்ஜெட் சண்டை வந்து, சம்பளம் இல்லாம இருந்த ஆக்களைப் பற்றினது. அழுற முகம் மட்டும்தான் போட்டனான்."

"உனக்கேன் அவையளுக்காக அழுகை? அழி."

"பூனை?"

"பூனை கிடக்கட்டும்."

திடீரென்று ஆரணி நிமிர்ந்தாள். "அம்மா, எல்லாத்தையும் அழிச்சா, ஏன் அழிச்சனீ எண்டு கேக்க மாட்டினமோ?"

சுகந்தி முகத்தில் கலவரம். உதவி செய்வதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன். மென்பொருள்காரன் அல்லவா? "அழிச்சாலும் முழுசா அழியாது. எங்கயாவது ஒரு சர்வர்ல காப்பி இருக்கத்தான் செய்யும்" என்றேன். சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில், காலையில் கொடுத்த ரோல்ஸைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயமாகிவிட்டது.

கடைசியில் ஒரே ஒரு பதிவு மிச்சம். ஆரணி உட்கார்ந்து யோசித்து எழுதியது. பணத்தை இப்படி வெட்டினால் முதலில் ஆய்வுக்கூடங்கள் ஆளைக் குறைக்கும், வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் கதவு சாத்தப்படும் என்று அதில் எழுதியிருந்தாள். கட்டைவிரல் போன் மேல் அப்படியே நின்றது.

"அம்மா, இது பிழையே? இதில ஒரு பொய் இருக்கோ, சொல்லுங்கோ."

"பொய்யெண்டா எனக்குப் பயமில்ல பிள்ளை. உண்மையா இருக்கிறதுதான் பயமா கிடக்கு."

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தேன்.

சுகந்தி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, ஊரில ஆமி செக் பண்ண வருது எண்டு சத்தம் கேட்டா, அம்மா எங்கட படங்கள், அண்ணா எழுதின கொப்பியள் எல்லாத்தையும் அடுப்புக்க போட்டிடுவா. பிறகு அந்த அடுப்பிலதான் தேத்தண்ணி வைப்பா. வந்தவங்களுக்கும் அதில குடுத்தவ."

"அம்மா, இது அமெரிக்கா. ஆமி இல்ல."

"செக் பண்ணுறவைக்கு முன்னால நிண்டா எல்லா இடமும் எனக்கு ஒண்டுதான்."

ஆரணியின் கட்டைவிரல் இறங்கியது. அழித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருபவர் யார் என்று பார்க்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. நானே கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்க்கிறவன்தான். ஆனால் அந்தத் துளை, வெளியே நிற்பவரைப் பார்ப்பதற்கு. இங்கே இந்தப் பெண் தன்னையே அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

பிராங்க்பர்ட்டில் விசா நேர்காணல். போய்விட்டு வந்து ஆரணி சொன்னாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, என்ன படிக்கிறாய் என்று கேட்டாராம். கொசு என்றாளாம். அவர் சிரித்து, எங்கள் ஊருக்கு வா, வேண்டிய அளவு பிடித்துக்கொள் என்றாராம். விசா கிடைத்துவிட்டது. பதிவு, பத்தி, பூனை... எதைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை.

"சிரிச்சவனோ? ஏன் சிரிச்சவன்?" என்றார் சுகந்தி.

பெட்டி வாங்கினார்கள். அதையும் இருட்டின பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

இரண்டு வாரம் முன்பு அமெரிக்காவிலிருந்து ஒரு மெயில். அனுப்பியவர் அந்த ஆய்வுக்கூடப் பேராசிரியை. மிகவும் வருத்தப்பட்டுத்தான் எழுதியிருந்தார். அரசிடமிருந்து வர வேண்டிய பணம் நின்றுவிட்டது. இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. இந்த வருஷம் யாரையும் எடுக்க முடியாது.

விசா பாஸ்போர்ட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. போவதற்கு இடம்தான் இல்லை.

கேள்விப்பட்டதும் நானும் மாலதியும் கீழே போனோம். ஆரணி அழவில்லை. போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடற?"

"நான் எழுதினதை அங்கிள். இப்பிடித்தான் நடக்குமெண்டு எழுதினனான்தானே..." விரல் நின்றது. "நானே அழிச்சுப் போட்டன்."

அப்போதுதான் அழுதாள்.

வேறு நேரமாக இருந்தால் லண்டனிலிருந்து பெரியம்மா போன் பண்ணியிருப்பார், பெர்லினிலிருந்து சித்தப்பா வந்திருப்பார். இந்தத் துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சந்தோஷத்தையே சொல்லவில்லையே! சுகந்தி போனைக் கையில் எடுப்பார், கீழே வைப்பார். ஆறுதல் சொல்ல இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அதுவும் ரோல்ஸ் புண்ணியத்தில்.

கண்ணும் படவில்லை, நாவும் படவில்லை. பட்டது பட்ஜெட்.

போன சனிக்கிழமை காலை மறுபடி மணி அடித்தது. துளை வழியாகப் பார்த்தேன். ஆரணி. கையில் தட்டு இல்லை.

"அங்கிள், எழுதுங்கோ" என்றாள், உள்ளே வராமலே. "நடந்தது முழுக்க எழுதுங்கோ. இந்தமுறை என்ர பேரையும் போடுங்கோ."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாவோட கதைச்சிட்டன். எழுதட்டும் எண்டவ. அழிச்சும் போகேலாது எண்டா, பிறகேன் அழிக்கோணும் எண்டு கேட்டவ."

பிறகு வாசலில் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். அமெரிக்காவைப் பற்றி, அதன் கடனைப் பற்றி, வெட்டுகிறவர்களைப் பற்றி, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐரோப்பாவைப் பற்றி. பயமே இல்லாத பேச்சு. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் பாட்டியம்மா, தமிழ் புரியாமலே நின்று கேட்டுவிட்டுப் போனார். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. சிலதைக் கேட்டபோது, கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளலாமா என்றும் தோன்றியது.

எழுதிவிட்டேன். ஆனால் ஆரணி என்பது அவள் பெயர் அல்ல. வாசலில் நின்று அவள் சொன்னதில் காரமான பகுதி எதுவும் இதில் இல்லை.

டிசம்பரில் டல்லாஸில் கல்யாணம். நான் இன்னும் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை.