வெறும் கூடுகளும் வடிகட்டி அக்காவும்

குழாயைச் சுண்டிச் சுண்டிக் காற்றுக் குமிழியை விரட்டுகிறார் வடிகட்டி அக்கா. "போ கண்ணு, சமர்த்தா வெளிய போ." மனிதர்களிடம் இவ்வளவு கனிவு கிடையாது. யாராவது கதையளந்தால், "சக்கை வேணாம், சாறைச் சொல்லு" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

படிப்பு வேதிப் பொறியியல். பிழைப்பு வைரஸைச் சுத்தம் செய்வது. நோய் தரும் வைரஸ் இல்லை, மரபணு மருந்தை உடம்புக்குள் சுமந்து போகிற வைரஸ். தொட்டியில் வளர்த்தெடுத்தால் பாதிக்கு மேல் மருந்தில்லாத வெறும் கூடு. இரண்டையும் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பிசின் மணிகள் நிரம்பிய கண்ணாடித் தூணில் கரைசலை மெல்ல இறக்குவார். வைரஸ் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கு வழிந்து, பிளீச்சிங் ஊற்றிய கழிவுப் புட்டியில் விழும். பிறகு உப்பை ஏற்ற ஏற்ற, கூடு தனியே, மருந்து தனியே கழன்று வரும்.

இத்தனை வெறிக்கும் காரணம் தம்பி மகன். ஏழு வயது; தசை நாளுக்கு நாள் கரைகிற நோய். "என் மருமகனுக்குப் பொண்ணு குடுக்கணும்னா முதல்ல எனக்குக் கல்யாணம் ஆகணுமே!" என்று சிரிக்கிற அத்தை இவர். இம்முறை எடுக்கும் மருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்குப் போக வேண்டியது. தரையிலிருந்து தானாக எழுகிற பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். மருமகன் தட்டுத் தடுமாறி இன்னும் எழுகிறான்.

நேற்று காலை, வைரஸைக் கலக்கக் கரைசல் தயாரிக்கையில் தம்பி போன் செய்தான். "அக்கா, இன்னிக்கு ரெண்டு தடவை விழுந்துட்டான்." போனை வைத்தவர், போட்ட உப்பையே மறுபடியும் போட்டார். விதி என்பதா, புத்தி பேதலித்தது என்பதா! உப்பு கூடினால் வைரஸ் மணியில் ஒட்டாது. மாதக்கணக்கில் வளர்த்ததெல்லாம் அழுக்கோடு அழுக்காகக் கழிவுப் புட்டிக்குள் போய்ச் செத்தது.

"என் கையாலயே கொன்னுட்டேனே, பாவி!" தலையில் அடித்துக்கொண்டார்.

"மறுபடி வளர்த்துக்கலாம்கா," என்றாள் கூட வேலை செய்பவள்.

"வைரஸ் வளரும்டி. அதுவரைக்கும் அவன் காலு தாங்குமா?"



மாலையில் தம்பி வீட்டுக்குப் போனார். மருமகன் தரையில் வண்ணப் பென்சில்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். 'யாரும் தூக்கக் கூடாது, அவனே எந்திரிக்கட்டும்' என்பது அந்த வீட்டில் அக்கா போட்ட சட்டம். தம்பி மனைவி அழுதபோதும் தளர்த்தாத சட்டம். பிள்ளை தரையில் கை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, "பாரு அத்தை, நானே..." என்று பாதி எழுந்தான்.

அக்கா குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.