நனைந்த பிளக்குகள்

ஹட்டன் வீட்டுச் சமையலறை மேசையில் என் மகன் இரண்டு வகை ஸ்பார்க் பிளக்குகளைப் பரப்பி வைத்திருந்தான். தன் ரோட்டரி எஞ்சின் காரின் வேகத்தைக் கூட்டியிருக்கிறான்.

"சூட்ட சீக்கிரமா விடுற பிளக்தான் இப்ப எஞ்சினுக்கு நல்லதுப்பா. ஆனா நம்ம குளிருக்கு அது பெட்ரோல்ல நனஞ்சிரும். எதப் போட?"

கழற்றிய பழைய பிளக்கிலிருந்து பெட்ரோல் வாடை வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, என் அப்பா டிக்கோயாவில் மெக்கானிக்காக இருந்த காலம். சித்திரைக் கார்ப் பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வெள்ளிதான், அப்பாவின் நெற்றியில் கோயில் திருநீறு இருந்தது. இதே வகை எஞ்சின் உள்ள கொழும்புக் கார் ஒன்று பட்டறை வாசலில் நின்றது. அதன் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். சூடேறும் முன் நிறுத்தினால் பிளக் நனைந்துவிடும் என்று தெரிந்தும், அப்பா எனக்காக ஒரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தினார். பிறகு கார் கிளம்பவே இல்லை. பிளக்குகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா ரொட்டி சுடும் கல்லில் வாட்டிப் போட்டும் பயனில்லை.

கார்க்காரர் வந்தார். "யாரு ஸ்டார்ட் பண்ணச் சொன்னது?"

"மழைக்கு ஒதுக்கி நிறுத்தலாம்னு நான்தாங்க..." என்றார் அப்பா.

நான் அப்பாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். காரை வேறு பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு பந்தயக் கார் எதுவும் அப்பாவிடம் வரவில்லை.

தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா கேட்டார்.

"சத்தம் நல்லா இருந்துச்சாடா?"

"இருந்துச்சுப்பா."

கார்க்காரர் வந்த பிறகு, அன்று நான் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.