இரண்டு துவக்குகளின் கொப்பி

மலர் மிஸ் காலமான செய்தி கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு வந்தது. மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வெளியே நீண்ட வரிசை நின்றது. நெளுக்குளத்தில் அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "காதர் அண்ணை, மிஸ் விடிய எழும்பேல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். கையில் இருந்த வில்லைப் பொதியை யாருக்காக எடுத்தேன் என்பது மறந்துபோனது. வரிசையின் முன்னால் நின்ற முதியவர், "என்ன தம்பி, ஆரும் மோசம் போட்டினமோ?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் பின்னால் நின்ற பலருக்கும் மிஸ்ஸைத் தெரிந்திருந்தது. யன்னலைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெடுங்கேணிப் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய அரச வைத்தியசாலையில் மருந்தாளராக நெடுங்காலம் கடமையாற்றி, இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஓய்வு பெற்றவர் அவர். மணம் முடிக்கவில்லை. மரண அறிவித்தலில் அவரை 'அமைதியே உருவானவர்' என்று அச்சடித்திருந்தார்கள். அதை வாசித்தபோது, அந்தத் துக்கத்திலும் எங்கள் வைத்தியசாலையில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் ஏறினால், பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று சாரதியிடம் கேட்பார். உழவு இயந்திரம் திருத்துகிறவர் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தால், மருந்தோடு பத்துக் கேள்விகளும் அவருக்குக் கிடைக்கும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்துவிட்டு வன்னிக்குத் திரும்பியவன். இங்கே மாற்றலாகி வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். முதல் நாள் எல்லோரும் எனக்கு அனுதாபம் சொன்னார்கள். மலர் மிஸ் மட்டும், "காதர், புத்தளத்தில உப்பு எப்பிடி எடுக்கிறவை? வெயில் மட்டும் காணுமோ?" என்று கேட்டார். அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவருடைய கண் எப்படிப்பட்டது என்பதை நான் ஒரு பிழை விட்டுத்தான் அறிந்துகொண்டேன். கனகராயன்குளத்தில் இருந்து கனகம்மா என்ற பெயரில் இரண்டு பேர் நீரிழிவுக் கிளினிக்குக்கு வருவார்கள். சில மாதங்களாக ஒருவருடைய கொப்பியில் மற்றவருடைய மருந்தையும் பதிந்து, நானும் அதன்படியே கொடுத்துவந்திருக்கிறேன். மிஸ் ஒருநாள் அந்தக் கொப்பியைச் சும்மா புரட்டினார். "காதர், ஒரு ஆளுக்கு மருந்து கூடும், குறையும். இப்பிடித் தாவாது. இது ரெண்டு பேற்றை கொப்பி" என்றார். அன்று பின்னேரமே இருவரும் பஸ் பிடித்துப்போய் இரண்டு கனகம்மாக்களையும் பார்த்துவிட்டு வந்தோம். நல்லகாலம், இருவரும் சுகமாக இருந்தார்கள். மிஸ் இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

அவருக்குக் கனடாவில் குகன் என்று ஒரு தம்பி இருக்கிறார். மேற்குப் பக்கத்தில், மலைகளுக்கிடையே ஒரு சின்னப் பட்டணத்தில், மரம் அரியும் ஆலை ஒன்றில் வேலை. போரின் கடைசி இடப்பெயர்வில் அவர்களுடைய அம்மா இறந்தபோது குகனால் வர முடியவில்லை. அதன்பிறகு அக்காவும் தம்பியும் தொலைபேசியில் கதைத்தால், "சுகமா?" என்பதற்கு அப்பால் எந்தக் கதையும் நகராது. எதைத் தொட்டாலும் அம்மாவில் போய் முட்டும். இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

அந்த மௌனத்தை உடைத்தது துவக்கு. வாசிப்பவர்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தேன். குகன் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர். பழைய றைபிள்களைத் தேடி வாங்குவது அவருடைய பொழுதுபோக்கு. அதிலும் யாரோ ஒருவர் தன் உடம்புக்கும் விருப்பத்துக்கும் ஏற்றபடி ஆள் வைத்துச் செய்வித்த, போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுகிற றைபிள்கள். அவற்றின் அளவுக்குரிய ரவை எந்தக் கடையிலும் கிடைக்காது. வெற்றுப் பித்தளைக் கோதை எடுத்து, அச்சில் அழுத்தி உருவாக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டுத் தானே நிரப்ப வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து மற்றவர்கள் வாங்கமாட்டார்கள். குகனுக்கோ அந்தச் சிரமம்தான் ருசி.

ஒருநாள் எதேச்சையாக, "மருந்தை கிரெயின் கணக்கில நிறுக்கிறனான் அக்கா" என்று சொல்லியிருக்கிறார். மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கிரெயின், அவர் படித்த காலத்துப் பழைய மருந்துப் புத்தகங்களில் இருந்த அளவு. "அது இன்னும் உயிரோட இருக்கோ? என்ன தராசில நிறுக்கிறாய்?" என்று தொடங்கியவர், அதன்பின் நிறுத்தவில்லை.

எங்கள் காலைத் தேநீர் நேரம் குகனுக்கு வேலை முடிந்து உணவும் முடிந்த நேரம். கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் ஏதாவது ஒரு றைபிளின் படம் வரும். மிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். "தோளில வைக்கிற பிடங்கைக் கட்டையா வெட்டியிருக்கு, கை நீளமில்லாத மனிசன். கன்னம் வைக்கிற இடம் மற்றப் பக்கம், இடக்கைக்காரன். இவர் ஏன் விக்கிறார்? அச்சையும் சேர்த்துத் தாறாரோ? அச்சில்லாட்டி நீ என்னண்டு கோது செய்வாய்?" என்று கேட்பார். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவர் வாங்குவது போன்ற வியாபாரம் அது என்று எனக்கும் மெல்ல விளங்கியது.

"மிஸ், துவக்குக் கதையை மெதுவாக் கதையுங்கோ. வெளியில ஆரும் கேட்டா ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கள்" என்பேன். அவர் சிரிப்பார். ஆனால் ஒருநாள் நான் நேராகவே கேட்டேன். நாங்கள் பட்டது போதாதா, உங்களுக்கு இது எப்படிப் பிடிக்கிறது என்று. மிஸ் கொஞ்சநேரம் தேநீரை ஆற்றினார். "எனக்குத் துவக்குப் பிடிக்காது காதர். தம்பி கதைக்கிறது பிடிச்சிருக்கு. நான் வேண்டாம் எண்டாலும் அவன் வாங்குவான். கேள்வி கேக்க ஒரு ஆளாவது இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கேள்விகள் ஒருநாள் உண்மையாகவே தேவைப்பட்டன. இறந்துபோன ஒரு முதியவரின் றைபிளைக் குகன் அவருடைய மகனிடம் வாங்கினார். அதனுடன் முதியவர் நிரப்பி வைத்த இரண்டு பெட்டி ரவைகளும், எவ்வளவு மருந்து போட்டார் என்று எழுதிய ஒரு கொப்பியும் வந்தன. சனிக்கிழமை சுடுவதாக இருந்தார். முதியவரின் கையெழுத்து விளங்கவில்லை என்று பக்கங்களைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். டொக்டர்மாரின் கையெழுத்தையே வாசித்தவருக்கு இது எம்மாத்திரம்?

அன்று மிஸ் தேநீர் குடிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுக் குகனை அழைத்தார்.

"தம்பி, இதில மருந்தின்ர அளவு ரெண்டு கூட்டமா நிக்குது. நடுவில ஒண்டும் இல்லை. இது ரெண்டு துவக்கின்ர கொப்பி. உன்னட்ட இருக்கிற ரவை எந்தத் துவக்கின்ரை?"

"அக்கா, குழலில ரவையின்ர பெயர் அடிச்சிருக்கு. பெட்டியிலயும் அதே பெயர்தான்."

"பெயரை விடு. பெயரை நம்பித்தான் நாங்கள் ஒருக்காப் பிழை விட்டனாங்கள். உள்ளுக்கு அளந்து பாக்காமல் சுடாதை."

குகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் வாழ்க்கையில ஒரு துவக்கைத் தொட்டிருக்கிறீங்களோ?"

"இல்லை. துவக்குக் காயத்துக்கு மருந்து கட்டியிருக்கிறன்."

மறுபக்கம் தொடர்பு துண்டிக்கப்பட்டது. சனிக்கிழமை போனது. அடுத்த கிழமையும் போனது. குகன் அழைக்கவில்லை, எடுத்தாலும் பதில் இல்லை. மிஸ் தொலைபேசியை மருந்துத் தட்டின் அருகிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தார். எதையும் கேட்காமல் வேலை செய்தார். வன்னியில் தொலைந்துபோன எத்தனையோ பேருக்காகக் காத்திருந்தவர், இந்த ஒருவரையும் என் வாயால் தொலைத்துவிட்டேனோ என்று என்னிடம் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் கிழமை திரை ஒளிர்ந்தது. குகனின் முகம் தெரிந்தது. அவர் கோபத்தோடுதான் அந்த றைபிளை ஒரு துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோயிருக்கிறார், அக்காவின் பிழையை நிரூபிக்க. திருத்துநர் ரவை உட்காரும் அறைக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு வெளியே எடுத்து அளந்தார். முதியவர் அந்த அறையைப் பின்னாளில் பெரிதாகக் குடைவித்திருந்தார். குழலில் இருந்த பெயரை மாற்றவில்லை. பெட்டியில் இருந்த ரவைகள் அவருடைய மற்ற றைபிளுக்கு உரியவை. அதைப் போன வருடமே விற்றுவிட்டதாக மகனும் சொன்னார். அந்த ரவை உள்ளே போகும், போல்ட்டும் பூட்டும். ஆனால் சுட்டால் கோது பிளந்து, வெடிப்பின் வேகம் பின்பக்கமாக, கன்னத்தை வைத்துக் குறிபார்க்கிற இடத்துக்கே வரும்.

"அக்கா" என்றார் குகன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"அழாதை. கமராவைக் கிட்டக் கொண்டுவா. முகத்தைக் காட்டு" என்றார் மிஸ். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, "உருக்கி ஊத்தின உலோகம் குழலில ஒட்டாதோ? என்ன உலோகமாம்?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர்கள் அம்மாவைப் பற்றியும் கதைத்தார்கள். நான் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். வருகிறேன், வருகிறேன் என்று குகன் சொல்லிக்கொண்டே இருந்தார். மிஸ்ஸும் அறையை வெள்ளையடித்து வைத்திருந்தார்.

குகன் வரும்வரை உடலை வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை விமான நிலையத்தில் இருந்து நேரே வந்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த மனிதர், தலை நரைத்து, திரையில் பார்த்ததைவிட உயரமாக இருந்தார். இரண்டு வார்த்தை பேசும்படி யாரோ கேட்டார்கள். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அக்காவின் முகத்துக்கு மிகக் கிட்டத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"அக்கா, வடிவாப் பாருங்கோ. ஒரு கீறலும் இல்லை" என்றார்.

மிஸ், நீங்கள் அவரை நேரில் பார்க்காமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் நிம்மதியாகப் போங்கள். உங்கள் தம்பி முழு முகத்தோடு வந்து சேர்ந்துவிட்டார்.