மாம்புரிச் சந்தியில் அப்பா வாகனம் மறித்த காலை

என் அப்பா இராணுவத்தில் இருபது வருடம் இருந்தவர். அதில் பெரும்பகுதி சோதனைச் சாவடிகளில் நின்றவர். ஓய்வுக்குப் பிறகு, என் மகள் நிரோஷாவைப் பாடசாலைக்கு அழைத்துப் போய் வருவதே அவர் கடமை. ஒரு நாளும் பிந்தியதில்லை.

கடந்த வருடம் அவருக்கு மறதி நோய் கூடியது. ஒரு காலை அவரைக் காணவில்லை. நானும் மகளும் தேடி ஓடினோம். அவர் மாம்புரிச் சந்தியில், நடு வீதியில் நின்று வாகனங்களை மறித்துக்கொண்டிருந்தார்.

போர்க்காலம் கண்ட ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி, தன் அடையாள அட்டையை நீட்டினார்.

"இந்தாங்க சேர். மீன் எடுக்கப் போறன்."

அப்பா அதை இருபக்கமும் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார். "சரி, போகலாம்."

தூரத்தில் ஒரு லொறி வருவதைக் கண்டு பதறிவிட்டேன். பின்னால் போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். "உங்களுக்கென்ன விசரா அப்பா?" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திமிறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் எழவேயில்லை.

படுக்கையிலும் என்னிடம், "ஐடென்டி எங்க?" என்பார். ஒவ்வொரு முறையும் என் அடையாள அட்டையைக் காட்டினேன். மூன்று மாதத்தில் காலமானார்.

"அம்மா, அண்டைக்கும் ஐடென்டியக் காட்டியிருக்கலாமே?" என்று நிரோஷா கேட்கிறாள்.

இப்போது என் மாமியாருக்கும் மறதி. கடலுக்குப் போன கணவர் வந்துவிட்டாரா என்று கேட்பார். மாமா இறந்து பல வருடம். முகத்துக்கு முன்னால் போய் நின்று, "ஓம் மாமி, வந்துடுவார்" என்று சொன்ன பிறகுதான் அவர் கையைத் தொடுகிறேன்.